கல்யாணத்துக்கு முன் ஆரம்பித்த கம்பெனி, விவாகரத்தில் யாருக்கு? புனே வழக்கு சொல்லும் கணக்கு

2021 ஜூலையில் புனேயில் ஒரு கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை அமெரிக்கக் குடிமகன். அங்கே ஐடி கன்சல்டிங் தொழில் நடத்துபவர், அவருக்கு இது இரண்டாவது திருமணம். இருவரும் சேர்ந்து வாழ்ந்தது சில மாதங்கள்தான். கணவர் போபால் குடும்ப நீதிமன்றத்தில் விவாகரத்து கேட்டார். வழக்கை புனேவுக்கு மாற்றுங்கள் என்று மனைவி உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்.

மனைவி தரப்பு வைத்த கணக்கு இது: கணவரின் சொத்து மதிப்பு 5,000 கோடி ரூபாய். முதல் மனைவியைப் பிரிந்தபோது அவருக்குக் கொடுத்தது குறைந்தது 500 கோடி. அதனால் எனக்கும் அதற்கு நிகராக வேண்டும்.

2024 டிசம்பர் 19 அன்று நீதிபதிகள் பி.வி.நாகரத்னா, பங்கஜ் மித்தல் அமர்வு தீர்ப்பளித்தது. திருமணத்தை அரசியலமைப்பின் 142ஆவது பிரிவின் கீழ் முடித்துவைத்தது. மனைவிக்குக் கிடைத்தது 12 கோடி. இதில் 10 கோடி, புனே குடும்ப நீதிமன்றம் மதிப்பிட்டுச் சொன்ன நிரந்தர ஜீவனாம்சம். மாமனாருக்குச் சொந்தமான வீட்டை அவர் காலி செய்ய வேண்டியிருந்ததால், வேறு ஃப்ளாட் வாங்க கூடுதலாக 2 கோடி.

12 கோடி சின்னத் தொகை இல்லை. ஆனால் கோரிக்கையில் இருந்த எண்களோடு வைத்துப் பாருங்கள். 5,000 கோடியில் அது 0.24 சதவீதம். 500 கோடியில் 2.4 சதவீதம். பல வருடம் உழைத்துக் கட்டிய தொழிலின் மதிப்பை அப்படியே பாதியாகவோ காலாகவோ பிரிக்கும் வேலையை நீதிமன்றம் செய்யவில்லை.

நீங்கள் ஹிஞ்சவடியில் ஸ்டார்ட்அப் நடத்தலாம், போசரியில் லேத் பட்டறை வைத்திருக்கலாம், கோயம்புத்தூரில் டிசைன் ஸ்டூடியோ ஆரம்பித்திருக்கலாம். அல்லது அப்படி ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டு, அந்தத் தொழிலுக்காக உங்கள் வேலையை விட்டவராக இருக்கலாம். இரண்டு பக்கமும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இந்தத் தீர்ப்பில் இருக்கிறது.

நீதிமன்றம் என்ன சொன்னது?

ஜீவனாம்சம் என்பது இரண்டு பேரின் சொத்தைச் சமப்படுத்தும் கருவி கிடையாது என்பதுதான் சாரம். மனுக்களில் துணையின் சொத்து, அந்தஸ்து, வருமானத்தையெல்லாம் பட்டியலிட்டு, அதற்கு ஈடான தொகையைக் கேட்கும் போக்கு பற்றி நீதிபதிகள் அதிருப்தி தெரிவித்தார்கள். கூடவே ஒரு கேள்வியும் கேட்டார்கள்: பிரிந்த பிறகு கணவர் நொடித்துப் போயிருந்தால், அப்போதும் சொத்தைச் சமப்படுத்தச் சொல்லிக் கேட்பார்களா?

அதே சமயம், மனைவி கைவிடப்பட்ட நிலைக்குப் போகக் கூடாது, கௌரவமாக வாழ வழி வேண்டும் என்பதையும் தீர்ப்பு விடவில்லை. திருமண வீட்டில் எந்த வாழ்க்கைத் தரம் இருந்ததோ, அதை ஒட்டியே தேவை பார்க்கப்படும். ஆனால் பிரிந்த பிறகு கணவர் இன்னும் மேலே போனால், அந்த வளர்ச்சிக்கு ஏற்ப வாழ்நாள் முழுக்கப் பங்கு கேட்க முடியாது.

அப்போ இந்தியாவில் 'பாதிப் பாதி' சட்டம் இல்லையா?

இல்லை. இணையத்தில் பார்க்கும் விவாகரத்துச் செய்திகள் பெரும்பாலும் அமெரிக்காவிலிருந்து வருபவை என்பதால் இந்தக் குழப்பம். கலிஃபோர்னியாவில், திருமணத்துக்குப் பிறகு ஈட்டியது பொதுவாக இருவருக்கும் சமம். திருமணத்துக்கு முன்பே இருந்தது தனிச் சொத்து. ஸோஹோ நிறுவனர் ஸ்ரீதர் வேம்புவின் விவாகரத்து வழக்கு அந்த மாநில நீதிமன்றத்தில் நடக்கிறது. அதில் கம்பெனிப் பங்குகள் யாருடையவை என்பது முக்கியச் சர்ச்சை. தன்மீது சொல்லப்பட்ட குற்றச்சாட்டுகளை அவர் மறுத்திருக்கிறார். ஸோஹோவின் முன்னோடியான அட்வென்ட்நெட் தொடங்கியது 1996இல், அதாவது அவர் திருமணத்துக்குப் பிறகு. அங்கே இந்தத் தேதி வரிசைக்கு எவ்வளவு கனம் என்று புரிகிறது அல்லவா?

இந்தியாவில் பெரும்பாலான மாநிலங்களில் கணக்கு வேறு. சொத்து யார் பெயரில் இருக்கிறதோ அவருடையது. கல்யாணம் ஆனதாலேயே அது மாறாது. இந்து திருமணச் சட்டம் 1955இன் 27ஆவது பிரிவு, திருமணத்தின்போது அல்லது அதையொட்டிக் கொடுக்கப்பட்டு, இருவருக்கும் கூட்டாகச் சொந்தமான பொருட்களைப் பற்றி மட்டும் பேசுகிறது. நீங்கள் 2017இல் தொடங்கிய கம்பெனி அதில் வராது.

இதை மாற்ற ஒரு முயற்சி நடந்தது. கணவரின் அசையாச் சொத்திலிருந்து மனைவிக்குப் பங்கு தர வழிசெய்யும் திருமணச் சட்டத் திருத்த மசோதா 2013 ஆகஸ்டில் மாநிலங்களவையில் நிறைவேறியது. மக்களவையில் நிறைவேறாமல், 2014இல் அவை கலைந்தபோது காலாவதியானது.

விதிவிலக்கு பக்கத்திலேயே இருக்கிறது: கோவா. போர்த்துகீசியர் காலத்துச் சிவில் சட்டம் அங்கே இன்னும் தொடர்கிறது. வேறு ஒப்பந்தம் செய்யாவிட்டால் கணவன் மனைவி சொத்து பொதுச் சொத்தாகிவிடும்.

கம்பெனி பிரியாது என்றால், கவலை எதற்கு?

பங்கு பிரியாது. ஆனால் அந்தத் தொழில் தரும் பணம் கணக்கில் வரும். இந்து திருமணச் சட்டத்தின் 25ஆவது பிரிவு, நிரந்தர ஜீவனாம்சம் நிர்ணயிக்கும்போது எதிர்த் தரப்பின் வருமானத்தையும் 'மற்ற சொத்தையும்' பார்க்கச் சொல்கிறது. அந்தச் சொத்து எப்போது வந்தது என்று அது பிரித்துப் பார்ப்பதில்லை. தேவைப்பட்டால் உங்கள் பெயரில் உள்ள நிலம், வீட்டின்மீது அந்தத் தொகைக்குப் பொறுப்பும் ஏற்றலாம்.

சுருக்கமாக, கோழி உங்களுடையது. அது எத்தனை முட்டை போடுகிறது என்று நீதிமன்றம் எண்ணும்.

எப்படி எண்ணும்? 2020 நவம்பர் 4 அன்று உச்ச நீதிமன்றம் ரஜ்னேஷ் – நேஹா வழக்கில் ஒரு நடைமுறையைக் கொண்டுவந்தது. ஜீவனாம்சம் கேட்பவரும் கொடுக்க வேண்டியவரும், இருவருமே சொத்து, வருமானம், கடன் விவரங்களைப் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும். சொந்தத் தொழில் செய்பவர்கள் தொழிலின் தன்மை, தங்கள் பங்கு, வருமானம் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். புனே சிவாஜிநகர் குடும்ப நீதிமன்றமாக இருந்தாலும் சென்னையாக இருந்தாலும் இதே நடைமுறைதான்.

உங்களையே உதாரணமாக வைத்துக்கொள்வோம். எண்கள் கற்பனை. கம்பெனியிலிருந்து நீங்கள் எடுக்கும் சம்பளம் மாதம் 80,000 ரூபாய். கார் இஎம்ஐ 32,000, வீட்டு வாடகை 45,000. இரண்டும் கம்பெனிக் கணக்கில் போகிறது. ஐடிஆர் 80,000 என்று சொல்லும். நீங்கள் வாழும் வாழ்க்கை 1,57,000 என்று சொல்லும். எதிர்த் தரப்பு வழக்கறிஞர் பேங்க் ஸ்டேட்மென்ட்டைத்தான் முதலில் கேட்பார். தாக்கல் செய்த வருமானமும் வாழ்க்கைத் தரமும் ஒட்டவில்லை என்றால், நீதிமன்றம் தானே ஒரு எண்ணை ஊகித்துக்கொள்ளலாம். அந்த எண் உங்களுக்குச் சாதகமாக இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

அந்த 25 சதவீதம் உண்மையா?

வாட்ஸ்அப்பில் சுற்றும் இந்த எண் 2017இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த ஒரு மேற்கு வங்க வழக்கிலிருந்து வந்தது. கணவரின் நிகரச் சம்பளத்தில் 25 சதவீதம் நியாயமாக இருக்கும் என்று அதில் சொல்லப்பட்டது. ஆனால் அந்த வழக்கிலேயே என்ன நடந்தது தெரியுமா? கணவரின் நிகரச் சம்பளம் 95,527 ரூபாய். உயர் நீதிமன்றம் 23,000 கொடுக்கச் சொன்னது. அவர் மறுமணம் செய்து ஒரு குழந்தையும் இருப்பதைப் பார்த்து உச்ச நீதிமன்றம் அதை 20,000 ஆகக் குறைத்தது. அதாவது சுமார் 21 சதவீதம். சூத்திரம் பிறந்த வழக்கிலேயே சூத்திரம் அப்படியே நிற்கவில்லை.

உண்மையில் நீதிமன்றங்கள் பார்ப்பது ஒரு பட்டியலை. 2024 டிசம்பர் 10 அன்று நீதிபதிகள் விக்ரம் நாத், பிரசன்னா பி.வராலே அமர்வு, 5 கோடி ரூபாய் ஜீவனாம்சம் நிர்ணயித்த வழக்கில் அதை மறுபடி எடுத்துச் சொன்னது:

• இருவரின் சமூக, பொருளாதார நிலை
• மனைவி, குழந்தைகளின் நியாயமான தேவைகள்
• இருவரின் படிப்பும் வேலையும்
• ஜீவனாம்சம் கேட்பவருக்குச் சொந்த வருமானம், சொத்து உண்டா
• திருமண வீட்டில் இருந்த வாழ்க்கைத் தரம்
• குடும்பத்துக்காக வேலையை விட்டாரா
• வேலைக்குப் போகாத மனைவிக்கு வழக்குச் செலவு
• கணவரின் வருமானம், கடன், ஏற்கெனவே உள்ள பொறுப்புகள்

இது கணக்குச் சூத்திரம் இல்லை என்று அதே தீர்ப்பு சொல்கிறது. இந்தப் பட்டியலில் ஆறாவது வரியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் அதற்குத் திரும்பி வருவோம்.

இன்னொன்று. 'கணவர் கொடுப்பார், மனைவி வாங்குவார்' என்று இந்து திருமணச் சட்டத்தில் எழுதியில்லை. 24, 25ஆவது பிரிவுகளில் யார் வேண்டுமானாலும் கேட்கலாம். நாந்தேடைச் சேர்ந்த ஓர் ஆசிரியை, முன்னாள் கணவருக்கு மாதம் 3,000 ரூபாய் கொடுக்க வேண்டும் என்ற உத்தரவை 2022இல் பம்பாய் உயர் நீதிமன்றத்தின் அவுரங்காபாத் கிளை உறுதிசெய்தது. பெண் தொழில்முனைவோர் இதைக் கவனிக்க வேண்டும். சிறப்புத் திருமணச் சட்டத்தில் பதிவு செய்திருந்தால் மட்டும் நிலை வேறு. அதில் மனைவி மட்டுமே ஜீவனாம்சம் கேட்க முடியும்.

சுவர் எங்கே உடைகிறது?

திருமணத்துக்கு முந்தைய தொழில் சட்டப்படி உங்களுடையது என்றேன். பிறகு ஏன் சிக்கல்? கல்யாணத்துக்குப் பிறகு நாமே போடும் கையெழுத்துகள்தான் காரணம். பல சமயம் வரி, வட்டி, ஸ்டாம்ப் டியூட்டி மிச்சம் பிடிக்கப் போட்டவை.

1. இரண்டாவது டைரக்டர். பிரைவேட் லிமிடெட் கம்பெனிக்குக் குறைந்தது இரண்டு பங்குதாரர்கள், இரண்டு டைரக்டர்கள் வேண்டும். எல்எல்பிக்கும் இரண்டு பார்ட்னர். கல்யாணத்துக்கு முன் நீங்கள் நடத்தியது தனிநபர் நிறுவனம். ஆர்டர் பெரிதானதும் ஆடிட்டர் கம்பெனியாக மாற்றச் சொல்கிறார். 'இரண்டாவது பெயர்?' என்று கேட்டதும் மனைவி அல்லது கணவர் பெயரைக் கொடுத்துவிடுகிறோம். அந்த நிமிடம் அந்தப் பங்கு அவருடையது. விவாகரத்தால் அது திரும்பி வராது. 10 சதவீதப் பங்கு இருந்தாலே, நிர்வாகத்தில் முறைகேடு என்று தேசிய கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயத்துக்குப் போகும் உரிமையும் உண்டு. மாற்று வழி: ஒரே பங்குதாரர் போதும் என்கிற ஒருநபர் கம்பெனி. 50 லட்சம் மூலதனம் அல்லது 2 கோடி விற்றுமுதல் தாண்டினால் மாற்றியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் 2021 ஏப்ரலில் நீங்கிவிட்டது.

2. பெண் பெயரில் கடன். 2025 மார்ச் வரை நடந்த ஸ்டாண்ட்அப் இந்தியா திட்டத்தில் 10 லட்சம் முதல் 1 கோடி வரை கடன் கிடைத்தது. பெண் தொழில்முனைவோர் என்ற தகுதியில் நிறுவனத்துக்குக் கேட்டால், 51 சதவீதப் பங்கும் கட்டுப்பாடும் பெண் கையில் இருக்க வேண்டியிருந்தது. கடனுக்காக மனைவிக்கு 51 எழுதிக் கொடுத்தீர்கள் என்றால், கம்பெனி அவருடையது. 'பேருக்குத்தான் எழுதினேன்' என்று பின்னால் சொல்வது, பேங்கிடம் பொய் சொன்னேன் என்று ஒப்புக்கொள்வது மாதிரி.

3. ஃப்ளாட். மகாராஷ்டிராவில் பெண் பெயரில் வீடு பதிவு செய்தால் ஸ்டாம்ப் டியூட்டியில் 1 சதவீதம் குறைவு. 80 லட்சம் ஃப்ளாட்டில் 80,000 ரூபாய் மிச்சம். கம்பெனி லாபத்தில் வாங்கி மனைவி பெயரில் பதிந்தால், ஆவணப்படி வீடு அவருடையது. பினாமிச் சட்டத்தைக் காட்டியும் தப்ப முடியாது. கணக்கில் காட்டிய பணத்தில் துணையின் பெயரில் வாங்கும் சொத்தை அந்தச் சட்டம் பினாமியாகப் பார்ப்பதில்லை.

4. பரிசாகக் கொடுத்த பங்கு. கணவன் மனைவிக்கிடையே பரிசுக்கு வரி இல்லை என்று பங்கை மாற்றுகிறோம். அதில் வரும் டிவிடெண்டை வரித்துறை உங்கள் வருமானமாகவே சேர்த்துக்கொள்ளும். பங்கு மட்டும் அவருடையதாகிவிடும். வரி உங்களுக்கு, உரிமை அவருக்கு.

5. நகை. தமிழ்க் குடும்பங்களில் தொழிலுக்குப் பணம் போதாதபோது கை முதலில் போவது மனைவியின் வளையலுக்குத்தான். திருமணத்தில் பெண்ணுக்கு வந்த சீதனம் அவருடைய தனிச் சொத்து, கணவர் கையில் இருந்தால் அவர் வெறும் காப்பாளர் என்று உச்ச நீதிமன்றம் 1985லேயே சொல்லிவிட்டது. 40 பவுனை அடகு வைத்து மெஷின் வாங்கியிருந்தால், அந்த 40 பவுன் நீங்கள் அவருக்குத் திருப்பித் தர வேண்டியது.

6. தனிப்பட்ட ஜாமீன். இது எதிர்த் திசையில் உடையும் சுவர். கம்பெனிக் கடனுக்கு மனைவியோ கணவரோ ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தால், விவாகரத்துத் தீர்ப்பு பேங்கைக் கட்டுப்படுத்தாது. தொழில் உங்களுடையது, கடன் இருவருடையதும் என்று நிற்கும். பிரிவு ஒப்பந்தத்தில் ஜாமீனை மாற்றித் தருவதை முதல் வரியிலேயே எழுதுங்கள்.

கல்யாணத்துக்கு முன்பே ஒப்பந்தம் போட்டுவிடலாமா?

இந்து திருமணங்களில் இதை நம்பி நிற்க முடியாது. பொதுக் கொள்கைக்கு விரோதமான ஒப்பந்தம் செல்லாது என்கிறது இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 23ஆவது பிரிவு. திருமணத்துக்கு முன் போட்ட ஓர் ஒப்பந்தத்தைக் கல்கத்தா உயர் நீதிமன்றம் 1901லேயே ஏற்க மறுத்தது. 'எனக்கு ஜீவனாம்சமே வேண்டாம்' என்று எழுதி வாங்கிய ஒப்பந்தமும் பொதுக் கொள்கைக்கு எதிரானது என்று பம்பாய் உயர் நீதிமன்றம் 2018இல் சொன்னது. கோவாவில் மட்டும் திருமணத்துக்கு முந்தைய ஒப்பந்தத்துக்குச் சட்ட மதிப்பு உண்டு.

ஆனால் எழுத்தே வேண்டாம் என்று இதற்கு அர்த்தம் இல்லை. திருமணத் தேதிக்கு முந்தைய பேலன்ஸ் ஷீட், பங்குதாரர் பதிவேடு, ஒரு ஆடிட்டரின் மதிப்பீட்டு அறிக்கை, இவையெல்லாம் நல்ல சாட்சியம். தொழில் கணக்கும் வீட்டுக் கணக்கும் வேறு வேறு பேங்க் அக்கவுண்டில் இருக்கட்டும். உங்களுக்கு என்று ஒரு நியாயமான சம்பளம் வையுங்கள். இணை நிறுவனர்கள் இருந்தால், ஒருவர் பங்கை வெளியாளுக்கு மாற்றும் முன் மற்றவர்களுக்கு முதல் வாய்ப்பு என்ற ஷரத்தை ஒப்பந்தத்தில் சேருங்கள். இவை எதுவும் ஜீவனாம்சத்தைத் தடுக்காது. எது யாருடையது என்ற சண்டையை மட்டும் குறைக்கும்.

சொத்தை மாற்றிவிட்டால்?

சண்டை ஆரம்பித்ததும் தம்பி பெயருக்குப் பங்கை எழுதுவது, கம்பெனி லாபத்தைத் திடீரென்று பாதியாகக் காட்டுவது, இந்த யோசனைகளைச் சொல்ல ஆள் நிறையப் பேர் இருப்பார்கள். கேட்காதீர்கள்.

பிரமாணப் பத்திரத்தில் பொய் சொன்னால் பிஎன்எஸ்எஸ் 379ஆவது பிரிவின் கீழ் நீதிமன்றம் நடவடிக்கை எடுக்கலாம். ஜீவனாம்ச உரிமை இருக்கும்போது நிலத்தையோ வீட்டையோ இலவசமாக இன்னொருவருக்கு மாற்றினால், அந்த உரிமை சொத்தோடு சேர்ந்தே போகும் என்று சொத்து மாற்றுச் சட்டத்தின் 39ஆவது பிரிவு சொல்கிறது. கடன்காரர்களை ஏமாற்றச் செய்த மாற்றத்தை 53ஆவது பிரிவில் ரத்து செய்யலாம்.

'கம்பெனி பேரில் கடன் இருக்கு, பேங்குக்குக் கட்டின பிறகுதான் மிச்சம்' என்ற வாதமும் இப்போது பலவீனம். வைர ஆலை நடத்திய ஒருவரின் வழக்கில் 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், ஜீவனாம்ச உரிமை வாழும் உரிமையோடு சேர்ந்தது, கடன் கொடுத்தவர்களின் உரிமைக்கு முன்னால் அது நிற்கும் என்றது.

தாமதம் செய்வதிலும் லாபம் இல்லை. ரஜ்னேஷ் – நேஹா தீர்ப்பின்படி ஜீவனாம்சம் மனு போட்ட தேதியிலிருந்தே கணக்காகும். மூன்று வருடம் இழுத்தடித்தால் 36 மாத பாக்கி ஒரே நாளில் கழுத்தை நெரிக்கும்.

மாதாமாதமா, மொத்தமாகவா?

தொழில் நடத்துபவருக்கு இது ரொக்கப் புழக்கம் பற்றிய கேள்வி. மாதத் தொகை என்றால், சூழ்நிலை மாறும்போது இரு தரப்பும் நீதிமன்றத்துக்குப் போய்க் கூட்டவோ குறைக்கவோ கேட்கலாம். பெறுபவர் மறுமணம் செய்தால் நிறுத்தக் கேட்கலாம். 2025 மே மாதம் ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் மாதம் 50,000 ரூபாயும், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை 5 சதவீத உயர்வும் நிர்ணயித்தது. அதாவது அடுத்த 20 வருட பட்ஜெட்டில் ஒரு நிரந்தர வரி.

மொத்தத் தொகையில் கணக்கு முடிந்துவிடும். ஆனால் அதற்காகத் தொழிலிலிருந்து ஒரே நேரத்தில் பெரிய பணத்தை எடுக்க வேண்டும். தவணையாகக் கட்டப் பேசலாம், சம்மத ஒப்பந்தத்தில் தேதியோடு எழுதலாம். வரியிலும் வித்தியாசம் உண்டு. பம்பாய் உயர் நீதிமன்றம் 1980களில் கொடுத்த தீர்ப்பின்படி மாதத் தொகை பெறுபவருக்கு வருமானம், மொத்தத் தொகை மூலதன வரவு. அதாவது மொத்தமாக வாங்கினால் வருமான வரி இல்லை. கொடுப்பவருக்கு இரண்டிலுமே வரிக் கழிவு கிடையாது. பேரம் பேசும் மேசையில் இந்த வித்தியாசம் பல லட்சம்.

எந்த ஊரில் வழக்கு என்பதும் பலரும் யோசிக்காதது. கல்யாணம் மதுரையில், குடித்தனம் புனேயில், பிரிந்த பிறகு மனைவி சென்னையில் என்றால், மூன்று ஊரிலுமே வழக்குப் போட இடம் உண்டு. மனைவி தான் வசிக்கும் ஊரிலேயே போடலாம் என்பது 2003இல் வந்த திருத்தம்.

ஆறாவது வரி: சம்பளம் வாங்காத பார்ட்னர்

இதுவரை படித்ததை ஒருவர் 'நல்லதாப் போச்சு, என் கம்பெனி சேஃப்' என்று எடுத்துக்கொள்ளலாம். அதே சட்டம் இன்னொருவருக்கு என்ன செய்கிறது என்றும் பாருங்கள்.

நீங்கள் 2019இல் கல்யாணமாகி புனே வந்தீர்கள். ஐடி வேலையை விட்டீர்கள். கணவரின் பட்டறையில் ஜிஎஸ்டி பில், சம்பளப் பட்டுவாடா, வாடிக்கையாளர் போன், எல்லாம் நீங்கள்தான். டைனிங் டேபிள்தான் உங்கள் ஆபீஸ். விற்றுமுதல் நாலு மடங்கானது. உங்கள் பெயர் எந்தக் காகிதத்திலும் இல்லை. பிரியும்போது அந்த நாலு மடங்கில் உங்களுக்குச் சட்டப்படி உரிமைப் பங்கு கிடையாது. மிஞ்சுவது ஜீவனாம்சம் மட்டும்.

திருமணத்துக்கு முன்பே இருந்த தொழில் என்பதும், திருமணத்துக்குப் பிறகு இருவர் உழைப்பில் வளர்ந்த தொழில் என்பதும் ஒன்றல்ல. இந்த வித்தியாசத்தை அளக்க நம் சட்டத்தில் அளவுகோல் இல்லை. 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி இதை நேரடியாகத் தொட்டார். சவூதியில் வேலை பார்த்த கணவர் அனுப்பிய பணத்தில் சொத்துகள் வாங்கப்பட்டிருந்தன, மனைவி குடும்பத்தை நடத்தினார். இல்லத்தரசியின் உழைப்பை அங்கீகரிக்கச் சட்டம் இதுவரை இல்லை, அங்கீகரிக்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் தடுக்கவில்லை என்று சொல்லி, சில சொத்துகளில் அவருக்குச் சமப் பங்கு கொடுத்தார். அது ஒரு நீதிமன்றத்தின் தீர்ப்பு. நாடு முழுக்க விதியாகவில்லை.

அதனால் அந்த இடத்தில் இருப்பவருக்கு ஒரே வார்த்தை: காகிதம். செய்யும் வேலைக்குப் பதவியும் சம்பளமும் கேளுங்கள், பேங்க் வழியாக வாங்குங்கள். நகை, சேமிப்பு, அப்பா கொடுத்த பணம் தொழிலுக்குள் போனால் அதைக் கடனாக எழுதி வையுங்கள். வேலையை விட்ட தேதி, கடைசிச் சம்பளச் சீட்டு, செய்த வேலைக்கான மின்னஞ்சல்களைப் பத்திரமாக வையுங்கள். 'குடும்பத்துக்காக வேலையை விட்டாரா' என்ற அந்த ஆறாவது வரிக்கு நீதிபதி கேட்கும் ஆதாரம் இதுதான்.

தொழில் உங்களுடையதாக இருந்தால், இதைக் கேட்பவரை எதிரியாகப் பார்க்காதீர்கள். உங்களிடமும் காகிதம்தான் இருக்கப் போகிறது. பங்கு கொடுக்க விருப்பம் இருந்தால் எத்தனை சதவீதம் என்று தெரிந்து கொடுங்கள். விருப்பம் இல்லையென்றால், சம்பளமாவது கொடுங்கள். 'எல்லாம் உனக்குத்தானே' என்று வாயால் சொன்னதை எந்த நீதிமன்றத்திலும் தாக்கல் செய்ய முடியாது.

இந்த வாரமே பார்க்க வேண்டியவை

• கம்பெனிப் பங்குதாரர் பதிவேட்டில் யார் பெயர், எத்தனை சதவீதம்?
• எந்தெந்தக் கடனுக்கு உங்கள் துணை ஜாமீன்? நீங்கள் எதற்கு ஜாமீன்?
• வீட்டுச் செலவு எதெல்லாம் கம்பெனிக் கணக்கில் போகிறது?
• திருமணத் தேதியை ஒட்டிய பேலன்ஸ் ஷீட் கையில் இருக்கிறதா?
• துணையின் நகையோ பணமோ தொழிலுக்குள் போயிருந்தால், அது எங்காவது எழுதியிருக்கிறதா?

ஐந்துக்கும் பதில் தெரிந்தால், நீங்கள் பிரியப் போகிறீர்கள் என்று அர்த்தம் இல்லை. இருவருமே இந்த ஐந்து பதிலையும் தெரிந்து வைத்திருக்கும் வீட்டில், பணத்தைப் பற்றிய சண்டை குறைவாகத்தான் இருக்கும். வழக்கு என்று வந்துவிட்டால், இதைப் படித்ததோடு நிற்காமல் குடும்ப வழக்குகள் பார்க்கும் வழக்கறிஞரையும் உங்கள் ஆடிட்டரையும் ஒரே மேசையில் உட்கார வையுங்கள். ஒருவருக்குத் தெரியாத பாதி, மற்றவருக்குத் தெரியும்.